எண்ணிப் பாருங்க சார்

நாலு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தது.

டாக்டர் மாத்திரைத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்து நாளைக்கு முன்னால் அவரே கடையில் நின்று கத்தரிக்கோலால் வெட்டி வாங்கிய துண்டு. ஒரு மூலையில் வெட்டு கோணலாகப் போயிருந்தது, அது இப்போதும் அப்படியே இருந்தது. அன்று அதில் ஆறு குழிகள் இருந்தன. முதல் நாள் ஒன்றும் மறுநாள் ஒன்றும் மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதோடு நிறுத்தி, சாதாரணக் காய்ச்சல் மாத்திரைக்கு மாற்றிவிட்டார். இப்போது அதே துண்டில் ஒன்பது குழிகள். இரண்டு காலி. ஏழில் வெள்ளையாக மாத்திரை உட்கார்ந்திருந்தது. மேஜை இழுப்பறை பூட்டியிருந்தது, சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

மதியம் மூன்றரை மணி. மாடியில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கீழே வரை கேட்டது. மனைவி தங்கையின் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தாள், மறுநாள்தான் வருவாள். வீட்டில் அவரும், கூடைப்பந்து ஆடி முழங்கால் ஜவ்வைக் கிழித்துக்கொண்டு, ஆபரேஷன் முடிந்து மாடி அறையில் படுத்திருக்கும் பதினைந்து வயது மகளும் மட்டும்தான்.

எண்ணியதில் தப்பு நடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அவர் இந்த ஒரு விஷயத்தில் தப்பாக எண்ணுகிற ஆள் இல்லை. மகளை டிஸ்சார்ஜ் செய்தபோது ஆஸ்பத்திரியில் வழக்கமான சீட்டைத்தான் கொடுத்தார்கள். அதில் வலி மாத்திரை அறுபது என்று அச்சடித்திருந்தது. காரில் ஏறுவதற்கு முன்பே அதைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மருந்துக் கடையில் ஆறே ஆறு வாங்கினார். அது அபின் வகை மாத்திரை. வலியை அடக்கும், கூடவே ஆளையும் அடக்கும், அளவு மீறினால் மூச்சையும் அடக்கும். அவருக்குத் தெரியாதா? முப்பது வருஷமாக எலும்பை அறுத்துக்கொண்டிருக்கிறவர்.

கிழித்த சீட்டின் அடியில் இருந்ததும் அவருடைய கையெழுத்துதான்.

அந்தச் சீட்டு அவருடைய கண்டுபிடிப்பு. திங்கள்கிழமை காலை காப்பி குடித்துக்கொண்டே ஒரு கட்டு முழுவதிலும் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார், நூறு தாள். புண்ணை நனைக்காதே, பத்தாம் நாள் தையல் பிரிக்க வா, வலி மாத்திரை அறுபது என்று எல்லாம் அச்சிலேயே இருக்கும். பெயரையும் வயதையும் வார்டு சிஸ்டர் நிரப்பிக்கொள்வாள். எழுபது வயதுக் கிழவருக்கும் அறுபது, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அறுபது. யாராவது ஏன் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்: "கம்மியா குடுத்தா ராத்திரி ரெண்டு மணிக்கு வலிக்குதுன்னு போன் பண்ணுவாங்க. எனக்குத் தூக்கம் முக்கியம்ப்பா." எல்லோரும் சிரிப்பார்கள். நன்றாகத்தான் தூங்கினார், இத்தனை வருஷமும்.

ஏழு மாத்திரையையும் பிதுக்கிக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் விட்டார். அவை சுழன்று உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார். வெறும் துண்டைச் சமையலறைக் குப்பையில் எறிந்தார். கை கழுவினார். சோப்பு வாசனையை மீறி விரலில் வேறொரு வாசனை இருந்தது. மாவுக் கட்டு ஈரத்தோடு காயும்போது வருமே, அந்தச் சுண்ணாம்பு வாசனை. அவர் வீட்டில் யாருக்கும் மாவுக் கட்டு இல்லை. மகள் காலில் இருந்தது துணிப் பட்டையும் பிளாஸ்டிக் சட்டமும்தான்.

மூக்குக் கண்ணாடியை எடுக்கத் திரும்பவும் இழுப்பறையைத் திறந்தார்.

ஆறு முழு அட்டைகள். மருந்துக் கடையில் கட்டித் தருகிற மாதிரி ரப்பர் வளையம் போட்டு, ஓரம் சேர்த்து வைத்திருந்தது. அட்டைக்குப் பத்து. அவர் எண்ணவில்லை. எண்ண வேண்டிய தேவையே இல்லை.

அப்போது மாடியில் சத்தம் கேட்டது. டொப். டங். டொப். டங்.

ஊன்றுகோல். மகள் எழுந்து நடக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு காது கொடுத்துக் கேட்டார். மகளுடைய ஊன்றுகோல்கள் புதியவை, இரண்டுக்கும் அடியில் தடித்த ரப்பர் உண்டு. டொப், டொப் என்றுதான் கேட்க வேண்டும். இதில் ஒன்றுக்கு ரப்பர் இல்லை. வெறும் குழாய் தரையில் இடித்தது.

ஒரு பக்கம் ரப்பர் இல்லாத ஊன்றுகோலை அவர் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் வாடகைக்குக் கொடுத்த ஜோடி அது. வாங்கிக்கொண்ட பெண்ணுக்குப் பதினாறு வயது, காலில் மாவுக் கட்டு. நீளம் தாண்டுகிறவள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வெட்டுக்கிளி என்றுதான் கூப்பிடுவார்களாம், கேஸ் ஷீட்டில் கூட சிஸ்டர் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் அப்படித்தான் எழுதியிருந்தாள். "டாக்டர் அங்கிள், இதுல ஒண்ணுக்கு ஷூவே இல்ல" என்று அந்தப் பெண் சிரித்தபடி தூக்கிக் காட்டினாள். "வெளியில கடையில கிடைக்கும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் அந்தப் பெண் செத்துப்போனாள்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. ஆஸ்பத்திரியின் சின்ன மீட்டிங் அறை, நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள். பெண்ணின் அம்மா தையல் வேலை செய்கிறவள். புடவைத் தலைப்பில் குண்டூசி குத்தி வைத்திருந்தாள், வேலையிலிருந்து அப்படியே வந்திருக்க வேண்டும். சீட்டில் போட்டபடிதான் மாத்திரை கொடுத்தேன் என்றாள். பிள்ளை சொக்கிச் சொக்கி விழுந்தாள், ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், ஆபரேஷன் ஆனால் அப்படித்தான் இருக்கும், டாக்டர் தூங்குகிறார், எழுப்பக் கூடாது என்று சொன்னார்கள் என்றாள். அவள் குரல் ஒரு இடத்தில்கூட உயரவில்லை.

"ஆனா ஒண்ணும்மா," என்றார் டாக்டர். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் அவரையே பார்த்தார்கள். "பிள்ளை சரியா மூச்சு விடுதான்னு பெத்தவங்கதான் முழிச்சிருந்து பார்க்கணும்."

"பார்த்துக்கிட்டுத்தான் சார் இருந்தேன். ஒவ்வொரு மூச்சா எண்ணிக்கிட்டு இருந்தேன். ரெண்டு ராத்திரி. மூணாவது நாள் விடியக்கால கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

"அதுக்கு நாங்க என்னம்மா பண்ண முடியும்?"

அவள் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினாள்.

"நீங்க ஒரு தடவை எண்ணிப் பாருங்க சார்."

எல்லாம் நடைமுறைப்படியே நடந்திருக்கிறது என்று எழுதி மூடிவிட்டார்கள். அடுத்த திங்கள்கிழமையும் அவர் ஒரு கட்டுச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

டொப். டங். டொப். டங்.

படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். மாடி நடையில் யாரும் இல்லை. மொசைக் தரையில், வட்ட வட்டமாக, சுண்ணாம்புப் பொடியின் தடம். ஒரு கால் தடம், இரண்டு வட்டம். ஒரு கால் தடம், இரண்டு வட்டம். அது மகளின் அறைக்குள் போயிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

மகள் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். சட்டம் போட்ட கால் தலையணை மேல் இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. கட்டிலுக்கு அருகே படிப்பு மேஜையின் நாற்காலி மட்டும் இழுத்துப் போடப்பட்டிருந்தது, நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் போட்டுக்கொள்வது போல.

"குட்டிம்மா! யாரு வந்தா இங்க?"

பாதிக் கண்ணைத் திறந்தாள். சிரித்தாள். நாக்கு குழறியது.

"அந்த அக்காப்பா. கால்ல மாவுக் கட்டு போட்ட அக்கா. உங்க பேஷண்ட்டாம்."

"என்ன குடுத்தா உனக்கு? சொல்லும்மா, எத்தனை குடுத்தா?"

"நீங்க எழுதிக் குடுத்ததைத்தான் குடுத்தாங்க. சீட்டுல உங்க கையெழுத்து இருந்துச்சே. நல்லா பொறுமையா குடுத்தாங்கப்பா. உனக்கு ஏன் ஆறுதான்னு கேட்டாங்க."

கண் மூடிக்கொண்டது. இமையை விரலால் விலக்கினார். கருமணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புத்தகம் தேவையில்லை. அபினை முறிக்கும் மாற்று ஊசி ஆஸ்பத்திரியில் இருக்கிறது, காரில் பதினைந்து நிமிஷம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மகளின் மூச்சை வாய்விட்டு எண்ணினார். ஒண்ணு. ரெண்டு. ஒரு நிமிஷத்துக்கு ஆறு. போதாது, போதவே போதாது. போனை எடுத்து ஆம்புலன்ஸ் நம்பரை அடித்தார்.

"உடனே வண்டி அனுப்புங்க, என் பொண்ணு—"

மகளின் மார்பு நின்றது.

போன் படுக்கையில் விழுந்தது. தாடையைத் தூக்கினார். நெஞ்செலும்பை விரல் முட்டியால் தேய்த்தார். வாயோடு வாய் வைத்து ஊதினார். ஊதிய காற்று அப்படியே திரும்பி வந்தது, அதில் சுண்ணாம்பு வாசனை அடித்தது. உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது. அவருக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் தீர்ந்தபோது, அவரை அறியாமலே, விட்ட இடத்திலிருந்து வாய் முனகியது.

"ஏழு."

மார்பு ஏறியது. இறங்கியது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மார்பு மறுபடி அசையவில்லை. காத்திருந்தார். அசையவே இல்லை.

"எட்டு."

ஏறியது. இறங்கியது.

"ஹலோ, சார்? அட்ரஸ் சொல்லுங்க சார்" என்றது போன்.

"ஒன்பது. பத்து."

"சார், என்ன நம்பர் சொல்றீங்க? ஹலோ?"

"பதினொண்ணு."

"எமர்ஜென்சி லைன்ல விளையாடாதீங்க சார்." வைத்துவிட்டான்.

மறுபடி நம்பரைத் தேடக் கண்ணைத் திரையின் பக்கம் திருப்பினார். அந்த ஒரு விநாடியில் மூச்சு நின்றது. கண்ணும் அவள் மேல் இருக்க வேண்டும், குரலும் அவளுக்காக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று விலகினால் போச்சு. எண்ணிக்கொண்டே மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். படியில் முதல் அடி வைத்ததும் பின்னாலிருந்து டங், டங், டங் என்று வேகமாக இடிக்கிற சத்தம் கேட்டது. நாற்பத்து மூன்றா, நாற்பத்து நாலா? தடுமாறினார். மகளின் தலை அவர் தோளில் கல்லாகக் கனத்தது. அழுதுகொண்டே நாற்பதிலிருந்து ஆரம்பித்தார், நாற்பத்து நான்கில் மூச்சு வந்தது. திரும்பிப் போய்ப் படுக்க வைத்தார்.

எண்ணுவதை வேகமாக்கினால் மூச்சும் வேகமாக வந்தது. நிமிஷத்துக்குப் பத்து என்று வைத்துக்கொண்டார். அவர் டாக்டர், அளவு தெரியும்.

பொழுது சாய்ந்தது. எழுந்து விளக்கைப் போட முடியாது. இருட்டு கூடக் கூட, மகளின் வெள்ளைச் சட்டை மட்டும் ஏறி இறங்குவது தெரிந்தது. பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ சாவகாசமாக உட்கார்ந்து, இரண்டு ஊன்றுகோலையும் சுவரில் சாய்த்து வைத்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியாது. ஓரக் கண்ணில் மாவுக் கட்டின் வெண்மை தெரிந்தது. மடியில் ஒரு சீட்டுக் கட்டு. தாளைப் புரட்டுகிற சத்தம். அவளுக்கு அவசரமே இல்லை. இரண்டாயிரம் தாண்டியது. நாலாயிரம் தாண்டியது. தொண்டை வறண்டு ரத்தச் சுவை வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் போனது. மன்னிச்சிடும்மா என்று ஒரு வார்த்தை சொல்ல ஆசைப்பட்டார். சொன்னால் ஒரு மூச்சு போகும். சொல்லவில்லை. அந்த அம்மாவும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். ஒரு ராத்திரி இல்லை, இரண்டு. அந்த நேரத்தில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு, ஏசி போட்டுக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

விடிந்தது. வெயில் ஏறியது.

பதினோராயிரத்தைத் தாண்டியபோது கீழே கதவு திறந்தது. மனைவி. கடவுளே, மனைவி வந்துவிட்டாள்.

"என்னங்க, எத்தனை தடவை போன் பண்றது? இதென்ன இது, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?"

"பதினோராயிரத்து அறுபது. பதினோராயிரத்து அறுபத்தொண்ணு."

"என்ன எண்ணுறீங்க? என்னைப் பாருங்க!"

கையை ஆட்டினார். மகளைக் காட்டினார். மனைவி குனிந்து மகளின் கன்னத்தைத் தட்டினாள். மகள் கண்ணைத் திறந்து, "தூங்கறேம்மா, தொந்தரவு பண்ணாத" என்று சொல்லித் திரும்ப மூடிக்கொண்டாள். உதடு சிவப்பாக இருந்தது. மூச்சு சீராக வந்தது. அவர் எண்ணிக்கொண்டிருந்தார், அதனால் வந்தது.

மனைவி போன் செய்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து சின்ன டாக்டர் பையோடு ஓடி வந்தான். அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவன், நல்ல பையன். மகளின் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கருவியை மாட்டினான். தொண்ணூற்றெட்டு காட்டியது. நாடி பார்த்தான். இமையை விலக்கிப் பார்க்கவில்லை. அதை மட்டும் பார்த்திருந்தால். அவர் விரலால் மகளின் இமையையே திரும்பத் திரும்பக் காட்டினார். அவன் அந்தக் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டான்.

"பாப்பா நல்லாத்தான் மேடம் இருக்கா. சார்தான் ராத்திரி பூரா தூங்கல. ரொம்ப டென்ஷன் ஆயிட்டார்."

"பதினோராயிரத்து இருநூத்தி மூணு." எழுதுவதாக விரலால் சைகை செய்தார். மனைவி பேனாவைக் கையில் திணித்து, நோட்டைப் பிடித்தாள். கண்ணை மகளின் மார்பிலிருந்து எடுக்காமல், கை போன போக்கில் எழுதினார். மாற்று ஊசி. மாற்று ஊசி. மாற்று ஊசி. மூன்று முறை.

மனைவி நோட்டைப் பார்த்தாள். அதைச் சின்ன டாக்டரிடம் நீட்டினாள்.

"வெறும் கையெழுத்தா போட்டுட்டு இருக்கார்ப்பா. பக்கம் பூரா கையெழுத்து."

நாற்காலியில் இருந்தவள் மெல்லச் சிரித்தாள். அவர்களுக்கு அது கேட்கவில்லை.

சின்ன டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினான். "ஒரு பத்து மணி நேரம் தூங்கினா சரியாயிடுவார் மேடம். அப்புறம் இந்த மாத்திரையையும் வாங்கி வெச்சுக்குங்க." பையிலிருந்து ஒரு சீட்டை உருவினான். "சாரோட சீட்டுதான். சாரே கையெழுத்துப் போட்டு வெச்சது."

வேண்டாம். வேண்டாம். ஒரு வார்த்தை. ஒரு மூச்சு. எதைக் கொடுப்பது? "பதினோராயிரத்து இருநூத்தி நாப்பது." திமிறினார். மனைவி அவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், அழுதாள், "போதுங்க, போதும், நான் பார்த்துக்கறேன்" என்றாள். ஊசி தோளில் இறங்கியது. வலித்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வலி இல்லை. தொண்டை வலி இல்லை. முதுகு வலி இல்லை. எத்தனை சுகமாக இருந்தது.

"இருநூத்தி. ஐம்பது."

அவரை மகளின் பக்கத்திலேயே சாய்த்துப் படுக்க வைத்தார்கள். மனைவி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். இரண்டு பேரும் நன்றாகத் தூங்கட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்கள். படியில் அவர்கள் இறங்குகிற சத்தம் கேட்டது.

"ஐம்பத்தி. ரெண்டு."

நாற்காலியில் இருந்தவள் இப்போது நேரே தெரிந்தாள். பதினாறு வயது. தலைமுடியை இறுக்கிப் பின்னியிருந்தாள், ஓடப் போகிறவள் போல. கட்டிலின் விளிம்பு வரை குனிந்து, சீட்டை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். அவர் மகளின் பெயர். வயது பதினைந்து. வலி மாத்திரை அறுபது. அடியில் திங்கள்கிழமைக் காலையின் நிதானமான கையெழுத்து.

உதடு அசைந்தது. குரல் வரவில்லை. இமை இறங்கியது. ஏற்றினார். இறங்கியது.

மகளின் மார்பு ஒருமுறை ஏறியது. இறங்கியது.

அடுத்த எண் என்ன?

அவள் ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய வாயையே பார்த்தபடி காத்திருந்தாள்.